டிஸ்மல் என்றால் கரிநாள்

போன மாதம் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு. ஒரு வட்டாரத்தில் விற்பனை ‘டிஸ்மல்’ என்று ஒரு வரி வந்தது. ‘படுமோசம்’ என்று போட்டேன். சரிபார்க்கிறவர், “கொஞ்சம் ஓவர் சார், பங்குதாரர்கள் படிப்பாங்க” என்று திருப்பி அனுப்பினார். ‘மந்தம்’ என்று மாற்றினேன். “இது ரொம்ப சாஃப்ட்டா இருக்கே” என்றார். கடுப்பில் ‘கவலைக்கிடம்’ என்று எழுதி அனுப்பினேன். “ஐசியூவில படுத்திருக்கிற மாதிரி இருக்கு சார்.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்தச் சொல்லின் குணமே அப்படி. விடியாமலே இழுத்துக்கொண்டு தூறும் காலை டிஸ்மல். ஒற்றை பல்பு அழுது வடியும் லாட்ஜ் அறை டிஸ்மல். முப்பது ரன்னுக்கு ஆறு விக்கெட் போன ஆட்டமும் டிஸ்மல்தான். இருட்டு, சோர்வு, எதற்கும் தேறாத தன்மை மூன்றையும் ஒரே டம்ளரில் ஊற்றிக் கலக்கிய மாதிரி. தமிழில் மூன்றுக்கும் தனித்தனியாக நல்ல சொற்கள் இருக்கின்றன, கலவைக்குத்தான் இல்லை.

சரி, இது எங்கிருந்துதான் வந்தது என்று அகராதியைப் புரட்டினேன். இருபது வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்: டிஸ்லைக், டிஸ்கனெக்ட் மாதிரி முன்னால் ஒரு ‘டிஸ்’, பின்னால் ‘மல்’ என்று ஏதோ நல்ல சமாச்சாரம், அது இல்லாமல் போனால் டிஸ்மல். சுத்தத் தப்பு. இந்த ‘டிஸ்’ எதையும் மறுக்கவில்லை. அது நாள். லத்தீனில் ‘டியெஸ் மாலி’ என்றால் கெட்ட நாட்கள். நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே புழங்கிய பிரெஞ்சில் அது ‘டிஸ் மல்’ ஆகி, இரண்டும் ஒட்டிக்கொண்டு ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அந்த ‘மல்’ நமக்கு ஏற்கெனவே அறிமுகமானதுதான். மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று.

ஆக, முதலில் இது மனநிலையைச் சொல்லும் சொல்லே இல்லை. பஞ்சாங்கச் சொல்.

இடைக்கால ஐரோப்பாவின் நாள்காட்டிகளில் மாதத்துக்கு இரண்டு நாளைக் கெட்ட நாள் என்று குறித்து வைத்தார்கள். வருடத்துக்கு இருபத்து நான்கு. எகிப்திய நாட்கள் என்று அவற்றுக்குப் பெயர். எகிப்தின் சோதிடர்கள் கணித்துக் கொடுத்தார்கள் என்பது ஒரு காரணம். பைபிளில் எகிப்தின் மேல் விழுந்த வாதைகளோடு முடிச்சுப் போட்டது இன்னொன்று. பழக்கம் அதைவிடப் பழையது. கி.பி. 354க்காக ரோமில் எழுதப்பட்ட ஒரு நாள்காட்டியிலேயே இவை குறிக்கப்பட்டிருக்கின்றன. புனித அகஸ்டீன், கிறிஸ்தவர்களே இப்படி எகிப்திய நாள் பார்க்கிறார்களே என்று கடிந்து எழுதியிருக்கிறார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் ஆயிரம் வருடம், தேவாலயத்து நாள்காட்டிகளிலேயே புனிதர்களின் திருநாட்களுக்குப் பக்கத்தில் இந்தக் கெட்ட நாட்களும் குந்திக்கொண்டிருந்தன.

அந்த நாட்களில் பயணம் கிளம்பக் கூடாது, எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. முக்கியமாக, ரத்தம் எடுக்கக் கூடாது. எந்த நோய்க்கும் நரம்பைக் கீறிக் கொஞ்சம் ரத்தத்தை வடித்துவிடுவதுதான் அன்றைய வைத்தியம். வைத்தியர் கத்தியை எடுக்கும் முன் நாள்காட்டியை எடுப்பார். இது போதாதென்று வருடத்தில் மூன்று திங்கட்கிழமைகள் தனியாக ஆபத்து; அன்றைக்கு வாத்துக்கறி தின்றால் நாற்பது நாளில் கதை முடியும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். வாத்து என்ன பாவம் செய்ததோ.

நாட்களை நினைவில் வைக்க மாதத்துக்கு ஒரு வரியாக லத்தீனில் பாட்டு. ஜனவரிக்கான வரி, ‘மாதத்தின் முதல் நாளும் ஏழாம் நாளும் வாளாய் வெட்டும்’ என்கிறது. இதில் ஒரு சூட்சுமம்: ஏழை மாதக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அப்போதுதான் 25ஆம் தேதி கிடைக்கும். ஏட்டுக்கு ஏடு பட்டியல் கொஞ்சம் மாறும் என்றாலும் ஜனவரிக்கு 1, 25 என்பது பரவலாகக் கிடைக்கிற கணக்கு.

இந்த இடத்தில்தான் நான் நாற்காலியிலிருந்து எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். இவர்கள் சொல்வது அப்படியே நம்முடைய கரிநாள்.

கரிநாள் தெரியாதவர்களுக்கு: ராகுகாலம் கிழமையைப் பிடித்து வரும், சந்திராஷ்டமம் உங்கள் ராசியைப் பிடித்து வரும். கரிநாள் அப்படியில்லை. கிழமை, நட்சத்திரம் எதைப் பற்றியும் அதற்குக் கவலை கிடையாது. தமிழ் மாதத்தில் இன்ன தேதி என்றால் அது கரிநாள். எந்த வருடமானாலும் அதே தேதிதான். தை மாதத்துக்கு 1, 2, 3, 11, 17. ஆமாம், பொங்கலன்றே கரிநாள். அங்கே ஜனவரி 1, இங்கே தை 1. இரண்டுக்கும் உறவு உண்டு என்று நான் சொல்லவரவில்லை. ஆனாலும் ஒரு மாதத்தின் முதல் நாளையே பார்த்துக் கெட்டது என்று முத்திரை குத்த, ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறதே, அதைத்தான் நான் ரசித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டில் கரிநாளுக்கு ஒரு வரலாறு உண்டு. நான் ஏழாவது படிக்கும்போது அப்பாவுக்கு மாற்றலாகிவிட்டது. பொங்கலுக்கு மறுநாள் லீவு, லாரியும் சும்மா கிடைக்கிறது என்று அப்பா தை 2ஆம் தேதிக்கு லாரி பேசி அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்தார். பாட்டி காலண்டர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஏண்டா, கரிநாள்ல யாராவது குடிபோவாங்களா?”

“அப்ப முன்னாடியே போயிடலாமா?”

“மார்கழியிலயா?”

மார்கழியில் வீடு மாறக் கூடாது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். பாட்டியின் கணக்கில் வழி நாலாம் தேதிதான் பிறக்கும். அப்பா கேட்கவில்லை. இரண்டாம் தேதியே சாமான் ஏற்றினோம். வழியில் ஒரு ரயில்வே கேட் பக்கத்தில் லாரி குலுங்கி, பீரோவின் ஆளுயரக் கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்குக் கீறல் விட்டது. அவ்வளவுதான். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கண்ணாடிதான் சாட்சி. நான் கணக்கில் பெயிலானது, கிணறு வற்றியது, அத்தைக்கு வரன் தட்டிப்போனது. “கரிநாள்ல வந்த வீடு” என்று பாட்டி ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவாள். தினமும் காலையில் விபூதி பூசிக்கொண்டு ‘நாளென் செயும் வினைதான் என்செயும்’ என்று அருணகிரிநாதரை மனப்பாடமாகச் சொன்னவளும் அதே பாட்டிதான். அகஸ்டீன் பார்த்திருந்தால் புரிந்துகொண்டிருப்பார்.

அடுத்த நாள், தை மூன்றும் கரிநாள்தான். அன்றைக்குப் பாட்டியே கறி எடுத்துவரச் சொல்லிக் குழம்பு வைத்தாள். எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளைக் கரிநாள் என்றே சொல்வோம். கெட்ட நாள் என்பதைவிடக் கறி நாள் என்பதுதான் காதில் விழும். வாத்துக்கறியைப் பார்த்து நடுங்கியவர்கள் எங்கள் தெருவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஒரு கிளைக்கதை. லத்தீனின் ‘டியெஸ்’ஸும் சமஸ்கிருதத்தின் ‘திவஸ’வும் ஒரே வேரில் முளைத்தவை, இரண்டுக்கும் பொருள் நாள். அந்த ‘திவஸ’ தமிழுக்கு வந்து திவசம் ஆனது. இப்போது திவசம் என்றால் நாம் யாரும் வெறும் நாள் என்று எடுத்துக்கொள்வதில்லை. செத்துப்போனவருக்குப் பிண்டம் வைக்கும் நாள். வெளிச்சத்தைக் குறித்த ஒரு வேர், அங்கே போய் டிஸ்மலுக்குள்ளும் இங்கே வந்து திவசத்துக்குள்ளும் உட்கார்ந்துவிட்டது.

பழைய கதைக்கு வருகிறேன். ஆங்கில இலக்கியத்தில் இந்தச் சொல் தலைகாட்டும் மிகப் பழைய இடங்களில் ஒன்று சாசரின் ஒரு கவிதை. ஜான் ஆஃப் காண்ட் என்ற இளவரசரின் மனைவி பிளான்ச் 1368இல் இறந்துபோனாள். அவள் நினைவாக எழுதியது. அதில் கறுப்பு உடையில் ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்து, தன் காதலை அவளிடம் முதன்முதலாகச் சொல்லப் போய் நாக்குக் குழறிச் சொதப்பிய கதையைச் சொல்கிறான். ‘அது டிஸ்மலில் நடந்தது என்று நினைக்கிறேன், எகிப்தின் பத்து வாதைகள் அவை’ என்கிறான். அங்கே அது பெயர்ச்சொல். இன்ன மாதிரியான நாள் என்று இல்லை, அந்தக் கெட்ட நாட்களே அதுதான். பிரெஞ்சில் பத்துக்கு ‘டிஸ்’ என்பதால் பத்துத் தீங்கு என்றும் ஒரு சிலேடை அதில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. ப்ரபோஸ் பண்ணப் போனது சொதப்பிவிட்டது, நாள் சரியில்லை என்று பழியை அதன் மேல் போட்டுவிட்டான். பாட்டிக்கு ஒரு பீரோக் கண்ணாடி கிடைத்த மாதிரி.

நாளாக ஆக, அந்தச் சொல்லுக்குள் நாள் இருப்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது. ‘டிஸ்மல் நாட்கள்’ என்று எழுத ஆரம்பித்தார்கள். நாம் ‘நடுசென்டர்’ என்றும் ‘கேட்டுக் கதவு’ என்றும் சொல்கிறோமே, அந்த வகை. அப்புறம் அது நாளைவிட்டு இறங்கி, எதன் மேல் வேண்டுமானாலும் ஏற ஆரம்பித்தது. அப்போதும் அதில் அச்சம் இருந்தது. ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தின் தொடக்கத்தில் ஒரு போரை இந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். மந்தமான போர் என்று பொருளில்லை, கேட்டால் குலை நடுங்கும் போர். பிறகு அச்சம் கரைந்து துக்கமானது. மன வாட்டத்தையும் துக்க வீட்டுக் கறுப்புத் துணியையும்கூட ‘டிஸ்மல்ஸ்’ என்று சொன்ன காலம் ஒன்று உண்டு. துக்கமும் கரைந்து இப்போது என் மேசைக்கு வரும்போது வெறும் விற்பனைக் குறைவு. ஒரு காலத்தில் ஆளையே கொல்லும் என்று பயந்த சொல்.

அந்தச் சொல் ஒரு நிலத்தின் மேலும் ஏறியது. அமெரிக்காவில் வர்ஜீனியாவும் வட கரோலினாவும் சேரும் இடத்தில் கிரேட் டிஸ்மல் சதுப்புக்காடு இருக்கிறது. சைப்ரஸ் மரங்கள், இடுப்பளவு சேறு, முள், பாம்பு, கொசு. நடுவில் டிரம்மண்ட் ஏரி. மரப்பட்டைச் சாறு இறங்கி, தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். அது சீக்கிரம் கெட்டுப்போகாது என்று அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் பீப்பாய் பீப்பாயாகப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

1728இல் இரண்டு காலனிகளுக்கும் எல்லைக்கோடு போட வில்லியம் பேர்ட் என்ற வர்ஜீனியப் பண்ணைக்காரர் தலைமையில் ஒரு குழு வந்தது. நாற்றமெடுத்த ஆவி, ஒரு கழுகுகூட மேலே பறக்கத் துணியாத இடம் என்றெல்லாம் அவர் அந்தக் காட்டைத் திட்டித் தீர்த்திருக்கிறார். ஆனால் காட்டுக்குள் சங்கிலி பிடித்து அளந்துகொண்டு போனவர்கள் வேறு ஆட்கள். ஐயா சுற்றுப்பாதையில் போய் மறுபக்கத்தில் காத்திருந்தார். 1763இல் ஜார்ஜ் வாஷிங்டன் வந்து பார்த்தார். அவருக்கு அது பணமாகத் தெரிந்தது. கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, சதுப்பை வடித்து விளைநிலமாக்க ஒரு கம்பெனி தொடங்கினார். வாய்க்கால் வெட்டியவர்கள் அடிமைகள். 1793இல் தொடங்கி 1805இல் திறந்த டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாயை வெட்டியதும் அவர்களே. அந்தக் கால்வாயில் படகோட்டிய மோசஸ் கிராண்டி என்பவர் விலை கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டு, 1843இல் லண்டனில் தன் கதையை வெளியிட்டார். சேற்றிலும் தண்ணீரிலும் இடுப்பளவு நின்று வேர்களை வெட்டிய கூட்டாளிகளைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார்.

இதே காட்டுக்குள்தான் இன்னொரு கூட்டமும் இருந்தது. பண்ணைகளிலிருந்து தப்பி ஓடிவந்த அடிமைகள். சேற்றுக்கு நடுவே அங்கங்கே மேடாக இருக்கும் திட்டுகளில் குடிசை போட்டு, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். டேனியல் சேயர்ஸ் என்ற தொல்லியலாளர் இந்த நூற்றாண்டில் அங்கே தோண்டிப் பார்த்தார். கிடைத்தவை எல்லாம் சின்னச் சின்னவை: ஈயக் குண்டு, புகைக்குழாய்த் துணுக்கு, கல்லாயுதம். அந்த மண்ணில் இயற்கையாகக் கல் கிடையாது; பழங்குடி மக்கள் எப்போதோ விட்டுப்போன கல் முனைகளைத் தேடி எடுத்துத் திரும்பவும் கூர்தீட்டியிருக்கிறார்கள். வேட்டைநாயும் துப்பாக்கியும் எளிதில் எட்டாத இடம் அது. உள்ளே இருந்தவர்கள் அந்தத் திட்டை என்ன பெயரால் அழைத்தார்களோ. டிஸ்மல் என்பது வெளியே நின்று பார்த்தவர் வைத்த பெயர். 1974 முதல் அது காட்டுயிர்ப் புகலிடம். ஏறக்குறைய 1,12,000 ஏக்கர்.

பொருளாதாரத்தை ‘டிஸ்மல் சயன்ஸ்’ என்பார்கள். கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது: மக்கள்தொகை பெருகும், சோறு பத்தாது என்று மால்தஸ் பயமுறுத்தினார் அல்லவா, அதைப் படித்துத்தான் தாமஸ் கார்லைல் என்ற எழுத்தாளர் இப்படிப் பெயர் வைத்தார். பரீட்சையில் நானும் அப்படியே எழுதி இரண்டு மார்க் வாங்கினேன். அந்தத் தொடர் உண்மையில் வந்தது 1849 டிசம்பரில், ஃபிரேசர்ஸ் மேகசின் என்ற இதழில். கட்டுரை மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பர்களைப் பற்றியது. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை 1834இல் ஒழிந்து, 1838இல் முழு விடுதலை வந்தது. விடுதலையானவர்கள் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப மறுக்கிறார்கள், பூசணிக்காயைத் தின்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், கட்டாயப்படுத்தி வேலை வாங்க வேண்டும் என்பது கார்லைலின் வாதம். பொருளாதாரக்காரர்கள் மட்டும் தேவை, வரத்து என்று கணக்குச் சொல்லி, ஆளை அவன் போக்கில் விடு என்கிறார்களே என்று அவருக்கு எரிச்சல். அந்த எரிச்சலில் வந்த வசவு அது. அடுத்த மாதமே பொருளாதார அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் அதே இதழில் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். காலப்போக்கில் வசவு மட்டும் நிலைத்துவிட்டது, கட்டுரை மறந்துபோனது. இன்றைக்கும் பொருளாதாரப் பேராசிரியர்கள் தங்களைத் தாங்களே கிண்டலடித்துக்கொள்ள அந்தத் தொடரைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். மால்தஸ் கதை எப்படியோ பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. அது சொல்லிக்கொடுக்கச் சௌகரியம் என்பது என் சந்தேகம்.

தோட்டக்காரர்கள் கார்லைலுக்காகக் காத்திருக்கவில்லை. தேவைக்கு வரத்தை வேறு இடத்தில் தேடினார்கள். 1840களில் கல்கத்தாவிலிருந்து மட்டுமல்ல, மதராஸிலிருந்தும் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் கப்பல்கள் போயின. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துத் தமிழர்கள் ஏறினார்கள். கயானாவில் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். அந்தக் கப்பல்களில் ஏறியவர்களை ஆங்கிலத்தில் குறித்த சொல், நம்முடைய ‘கூலி’யிலிருந்து போனது என்று சொல்கிறவர்கள் உண்டு. கப்பல் கிளம்பிய நாளை யாராவது பஞ்சாங்கத்தில் பார்த்திருப்பார்களா என்று யோசித்தேன். பார்த்திருந்தாலும் நாலாம் தேதி வரை பொறுக்கக் கம்பெனிக்காரன் விட்டிருக்க மாட்டான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த வரியை முடித்தேன். ‘விற்பனை சொல்லிக்கொள்ளும்படி இல்லை.’ சரிபார்க்கிறவர் பதில் எழுதவில்லை. ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினார். எங்கள் தொழிலில் மூலத்தில் உள்ள சொற்களை எண்ணித்தான் கூலி. ஆங்கிலத்தில் அது ஒரு சொல்.